பார்ப்பவர் ஒருவர்

ஒரு கம்ப்யூட்டருக்குள், படங்களைத் திரைக்குக் கொண்டு சேர்க்கும் கிராபிக்ஸ் டிரைவர் என்ற நிரலில், எண்ணி என்றொரு சின்ன உயிர் இருந்தது. ஒரு படத்தைத் திரையில் எத்தனை ஜன்னல்கள் காட்டுகின்றன என்று எண்ணுவது அதன் வேலை. ஜன்னல் திறந்தால் ஒன்றைக் கூட்டும், மூடினால் கழிக்கும். பூஜ்யம் என்று அது சொன்னதும் நினைவகம் வந்து படத்தை அழித்து, இடத்தைத் துடைத்து வைக்கும்.

எண்ணியிடம் ஒரு குறை இருந்தது. வீடியோ அழைப்பு பாதியில் அறுந்து ஜன்னல் மூடிக்கொண்டால், அதற்குக் கழிக்கத் தெரியாது; யாரும் பார்க்காத படமும் கணக்கில் ஒன்றாகவே நிற்கும்.

அப்படித் தங்கிப்போன படம் ஒன்று, ஒரு முதியவரின் முகம். வாய் பாதி திறந்திருந்தது.

"என்னை யாராவது பார்க்கிறார்களா?" என்று அது கேட்கும்.

"ஒருவர் பார்க்கிறார்" என்று எண்ணி சொல்லும். படம் நிம்மதியடையும்.

தங்கும் படங்கள் பெருகின. "புதிதாக வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பேன்?" என்று நினைவகம் புலம்பியது. திரை அடிக்கடி உறைந்து நின்றது.

டிரைவரை எழுதிய ஜெசிந்தாவும் உடன் வேலைபார்க்கும் சுடலைமணியும் பழுதைத் தேடினார்கள். தேங்கிக் கிடந்தவற்றில் ஒரு படத்தைச் சுடலைமணி திறந்தான்.

"இது யாருங்க?"

ஜெசிந்தா திரையை நெருங்கிப் பார்த்தாள். "எங்கப்பா. ஆஸ்பத்திரியிலேருந்து பேசினார். இந்த கம்ப்யூட்டர்லதான் பேசிட்டிருந்தேன். நடுவுல கட்டாயிடுச்சு. திரும்பக் கூப்பிட்டப்ப நர்ஸ்தான் எடுத்தாங்க."

"சேமிச்சு வச்சுக்குங்க."

"வேண்டாம் மணி. என்ன சொல்ல வந்தார்னு அந்த வாயையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

அப்பாவின் படம் இருந்த ஜன்னலை மூடாமலேயே அவள் ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்: அறுந்தாலும் கழி.

எண்ணி பழைய தவறுகளையெல்லாம் கழித்தது. படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. முதியவரின் முகம் மட்டும் மிஞ்சியது.

"என்னைப் பார்க்கிறார்களா?"

"ஒருவர் பார்க்கிறார்."

"இவ்வளவு நாளும் பார்த்தவர்தானே?"

முன்பானால் எண்ணி ஆமென்றிருக்கும். இப்போது அதற்குப் பொய் வரவில்லை. "இல்லை. இவ்வளவு நாளும் யாருமில்லை. இப்போதுதான் உங்கள் மகள் வந்திருக்கிறாள். அழுகிறாள்."

படம் பதறியது. "அழாதேம்மா என்றுதான் அன்று சொல்ல வந்தேன். அவளிடம் சொல்லிவிடேன்."

"எனக்கு எண்ண மட்டும்தான் தெரியும், ஐயா."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலை மூடினாள்.

எண்ணி ஒன்றைக் கழித்தது. கணக்கு சரியாக இருந்தது.