மெதுவாக ஓடிய மெஷின்

“மெஷின் மெதுவா ஓடுதுங்க டீச்சர்” என்றார் தண்டபாணி.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கேசட் ரெக்கார்டரை மேசையில் இறக்கினார். சுற்றியிருந்த துண்டைப் பிரித்தார். ஒரே கேசட்டில் நாலு டிராக்காக, நாலு வாத்தியத்தைத் தனித்தனியாகப் பதியக்கூடிய பழைய மெஷின்.

ஜரீனா அதைத் தொடவில்லை.

“எதை வெச்சு மெதுவுன்னு சொல்றீங்ணா?”

“கம்ப்யூட்டரை வெச்சுத்தானுங்க. ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டா, முதல் சரணம் முடியறதுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னால போயிருது. இது பின்னால நொண்டிக்கிட்டு வருது.”

“ஹெட்டைத் தொடச்சீங்களா?”

“பளபளன்னு இருக்குதுங்க.”

“பெல்ட்டு?”

“மாத்திட்டனுங்க. ரெண்டு தரம்.”

“எதுக்கு ரெண்டு தரம்?”

தண்டபாணி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

டீச்சருக்கு முப்பத்துநாலு வயது. சிஷ்யர் அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவர். கோயம்புத்தூர் கரும்புக்கடையில், வீட்டு மாடியில், சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த ஓர் அறையில் ஜரீனா ஒலிப்பதிவு சொல்லிக்கொடுக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவரிடம் குறைவு. வருகிறவர்களில் பாதிப் பேர் ரெண்டாவது வாரமே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தண்டபாணி போகவில்லை. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அவருடைய அண்ணன் நாச்சிமுத்து மேண்டலின். இவர் கீபோர்டு. கல்யாண மண்டபம், கோயில் நோம்பித் திருவிழா என்று சேர்ந்து வாசித்தே தலை நரைத்தவர்கள். போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடது கையை இழுத்துவிட்டது. உயிரை மீட்டாயிற்று. கையை முழுசாக மீட்க முடியவில்லை.

அதற்கப்புறம் யார் முன்னாலும் வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார் நாச்சிமுத்து. தம்பி முன்னாலும்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இந்த மெஷினில் தானே பதிந்து, கேசட்டோடு மெஷினை அண்ணி கையில் கொடுத்தனுப்புவார். தம்பி தன் வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து, அதற்குக் கீபோர்டும் தாளமும் சேர்க்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் பாட்டு வந்தது. தண்டபாணி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பின்தங்கிய சுரத்தையெல்லாம் காதைப் பிடித்து இழுத்துவந்து தாளத்தில் உட்கார வைத்தார். கேசட்டின் இரைச்சலைத் துடைத்தார். பிசிறு இல்லாமல் செய்துவிட்டு அண்ணனுக்குப் போட்டுக் காட்டினார்.

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“நல்லா வாசிச்சிருக்கான். யாரு அந்தப் பையன்?”

கேலியாகக் கேட்டிருந்தால் தம்பி தாங்கியிருப்பார். நிஜமாகவே கேட்டார்.

அது தன் வாசிப்பேதான் என்று தெரிந்தபிறகு அண்ணன் ரொம்ப நாள் பேசவில்லை. பிறகு ரெண்டாவது கேசட் வந்தது. அண்ணி வாசலில் நின்றபடியே சொன்னார்: “இதுவும் ஒட்டலேன்னா மேண்டலினைப் பொட்டியில வெச்சுப் பூட்டிர்றேங்கறாரு உங்கண்ணன்.”

நாச்சிமுத்து சொன்னால் செய்கிறவர். பெட்டி பூட்டப்பட்டால் அந்த மனுஷர் என்ன ஆவார் என்று நினைக்கவே தண்டபாணிக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைத்தான் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“கேசட்டைக் கேட்டீங்களா?” என்றார் ஜரீனா.

“உடனே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டனுங்க. எங்க மேடு, எங்க பள்ளம், எல்லாம் திரையில பாத்துட்டேன்.”

“பாத்தீங்க. சரி.”

“இதுக ரெண்டு கூடவும் ரோதனையா இருக்குதுங்க டீச்சர். ஒரு உறையில ரெண்டு கத்தியைச் சொருகற கதைதான். எது பெருசுன்னு சொல்லுங்க, அதை முன்னால விட்டர்றேன்.”

ஜரீனா தன் அலமாரியிலிருந்து ஏதோ ஒரு பழைய கேசட்டை எடுத்து மெஷினில் போட்டார். யாரோ வீணை வாசித்தார்கள். மூடியைத் திறந்து, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின்மேல் விரலை வைத்து லேசாக அழுத்தினார்.

வீணை இழுத்துக்கொண்டு ஓலமிட்டது. தண்டபாணிக்குப் பல் கூசியது.

விரலை எடுத்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். தண்டபாணி பென்டிரைவில் கொண்டுவந்திருந்த கீபோர்டு பாகத்தை அதில் ஓட விட்டார். வேகத்தைக் குறைத்தார். அது மெதுவாகப் போயிற்று. இன்னும் குறைத்தார். அப்படியும் போயிற்று. சுருதி மாறவில்லை, முகம் கோணவில்லை.

“எதுக்கு வலிச்சுதுங்ணா?”

“மெஷினுக்கு.”

“எதுக்கு வலிக்கல?”

“கம்ப்யூட்டருக்கு.”

ஜரீனா வீணைக் கேசட்டை எடுத்துவிட்டு நாச்சிமுத்துவின் கேசட்டைப் போட்டார். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயரை எடுத்து மெஷினில் செருகினார். நாச்சிமுத்து பதியாமல் விட்டிருந்த நாலாவது டிராக்கில் ‘கர்ர்’ரென்று ஒரு சத்தத்தைப் பதிந்தார். காதால் கேட்கச் சகிக்காத சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டர் ஓடும். மெஷின் தயங்கினால் தானும் தயங்கும், மெஷின் நின்றால் தானும் நிற்கும்.

“அட, இது மெஷின் பின்னால போகுதுங்களே” என்றார் தண்டபாணி.

“ஆமாங்ணா.”

“இவ்வளவு பெரிய கம்ப்யூட்டரு, இந்த ஓட்டைப் பொட்டி பின்னாலயா?”

“அதால முடியுது. போகுது.”

தண்டபாணி சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அன்றைக்கு இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தார். ஞானம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார் பாவம். ஒயரைச் செருகுவதோடு அது முடிந்துவிடும் என்றால் ஊரில் எலெக்ட்ரீசியன்கள் எல்லாம் ஞானியாகியிருப்பார்கள்.

அடுத்த வாரம் வந்தார். முகம் தொங்கியிருந்தது.

“இன்னும் மெதுவாத்தானுங்க ஓடுது.”

“கம்ப்யூட்டர் மெஷின் பின்னால போகலயா?”

“போகுதுங்க. நிழலாட்டம் போகுது. அப்பவும் பாட்டு சேர மாட்டீங்குது. மேண்டலின் பின்னால தங்கிருது. இந்த மெஷினே சரியில்லைங்க. மோட்டாரைக் கழட்டிப் பாத்தர்லாங்களா?”

ஜரீனா ஒரு வெற்றுக் கேசட்டை மெஷினில் போட்டார். கம்ப்யூட்டரின் தாளத்தை, ‘டக் டக்’ என்கிற வெறும் தட்டலை, அதில் பதிந்தார். பிறகு நாலாவது டிராக் ஒயரைப் பிடுங்கிவிட்டார். கேசட்டில் பதிந்ததையும் கம்ப்யூட்டரில் இருப்பதையும் ஒரே நேரத்தில் தொடங்கி, அதனதன் பாட்டுக்கு ஓட விட்டார்.

டக் டக்.

இருவரும் கேட்டார்கள். ஜரீனாவின் அம்மா கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. ரெண்டு தட்டலும் ஒரே தட்டலாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிகிற நேரம் போயிற்று. அப்போதும் பிரியவில்லை.

“மெஷின் சரியா ஓடுதுங்ணா” என்றார் ஜரீனா.

தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியுமுங்க.”

“எப்ப இருந்து?”

“முதல் பெல்ட்டு மாத்துனப்பவே.”

“அப்புறம் எதுக்கு இன்னொரு பெல்ட்டு?”

“மெஷின்லதான் கோளாறுன்னு இருந்துட்டா தேவலைன்னு ஒரு ஆசைதானுங்க. இல்லேன்னா அண்ணன் கைதான்னு ஆயிருமில்லைங்களா.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்வார்கள். ஆடுகிறவர்மேல் உயிரையே வைத்திருக்கிறவனும் கூடத்தைத்தான் குறை சொல்வான். அவனைப் பற்றிப் பழமொழி கிடையாது.

தண்டபாணி அழுதார். மெஷினைச் சுற்றிவந்த துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  ஆறுதல் சொல்ல ஜரீனாவுக்கு வராது. டீயை எடுத்து ஆடையை நீக்கி அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குடித்து முடித்ததும் தண்டபாணி கேட்டார்:

“கம்ப்யூட்டரை மெஷின் பின்னால விட்டாச்சு. இன்னும் யாரைங்க பின்னால விடறது?”

ஜரீனா எழுந்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். மூலையிலிருந்த கீபோர்டை இழுத்துவந்து சிஷ்யர் முன்னால் போட்டார். நாச்சிமுத்துவின் கேசட்டை மெஷினில் வைத்து, அந்த ‘கர்ர்’ சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டு, மெஷினிலிருந்து ஒயரை நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்தார்.

“வாசிங்க.”

“தாளம்?”

“இல்ல.”

“அந்த டக் டக்காவது?”

“இல்ல.”

“அப்ப எதை வெச்சுங்க வாசிக்கறது?”

ஜரீனா மெஷினை ஓடவிட்டார்.

முதலில் வந்தது இரைச்சல். தண்டபாணி அதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. வீட்டில் அது கம்ப்யூட்டரின் தாளத்துக்கடியில் அமுங்கிப் போகும்; தனியாகக் கேட்டதெல்லாம் கம்ப்யூட்டர் துடைத்துக் கொடுத்ததைத்தான். பிறகு மேண்டலின் தொடங்கியது. இவரும் தொடங்கினார். பல்லவி தாண்டவில்லை, இவர் முன்னால் போய்விட்டார்.

ஜரீனா நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி போட்டார்.

மறுபடியும் முன்னால் போனார்.

“கை பழகிப்போச்சுங்க” என்றார் தண்டபாணி.

ஜரீனா அவருடைய காலைப் பார்த்தார். வலது கால் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. தண்டபாணி காலை மடக்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுபடி போட்டார்.

இந்தத் தடவை இரைச்சல் வெறும் இரைச்சலாக இல்லை. உள்ளே ஒரு ஃபேன் சுற்றியது. அண்ணன் அறையின் ஃபேன். நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் மூச்சை இழுத்தார். அவர் மூச்சை இழுத்துவிட்டுத்தான் தொடங்குவார். தண்டபாணியும் இழுத்தார்.

இருவரும் தொடங்கினார்கள். பல்லவி தாண்டியது. அண்ணன் ஒரு சுரத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்தார். தம்பி அந்தத் திருப்பத்தில் நின்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் அண்ணன் திடீரென்று வேகமெடுத்தார். சந்தோஷத்தில்தான் எடுத்திருக்க வேண்டும். தம்பி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். பாட்டு மெதுவாகத்தான் போயிற்று. மெதுவாகப் போக வேண்டிய பாட்டோ என்று தோன்றியது.

ரெண்டாவது சரணத்தின் நடுவில் மேண்டலின் நின்றுவிட்டது.

தண்டபாணிக்கு அந்த இடம் தெரியும். இரைச்சலைத் துடைத்தபிறகு கம்ப்யூட்டர் திரையில் அங்கே வெறும் நேர்கோடு இருந்தது. ஒன்றுமில்லாத இடம் என்று அதை வெட்டி எறிந்து, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒட்டியிருந்தார். அடுத்த சுரத்துக்கு அவர் விரல் தானாகப் போயிற்று.

அப்போது இரைச்சலுக்குள்ளிருந்து அண்ணன் பேசினார். சத்தமாக இல்லை. மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் பேசுகிற மாதிரி.

“இருடா பாணி. விரலு வரமாட்டீங்குது. இரு, வந்தர்றேன்.”

தண்டபாணி கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தார்.

“மெதுவாவே வாங்ணா” என்றார்.