மேலக்கரடு பால் சங்கம் பழைய கணினிகளை அனுப்பிவைத்த கதை

மேலக்கரடு பால் கூட்டுறவுச் சங்கத்தில் பொய் சொல்கிறவர்கள் கிடையாது. சொன்னதை மீறுகிறவர்களும் கிடையாது. அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் இந்த இரண்டாலும் வந்ததுதான்.

சங்கத்தில் மூன்று பேர். செயலாளர் நாச்சிமுத்து, காசாளர் தெய்வாத்தாள், பாலை எடை போட்டு வாங்கும் குழந்தைவேலு. பின்னறையில் பழைய கணினிகள் தூசி படிந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை புதியவை வருவதாக இருந்தது. அதற்குள் பழையவற்றை முறைப்படி அனுப்பி வைக்காவிட்டால், புதியவை கீழ்ப்புலியூர் சங்கத்துக்குப் போய்விடும். கீழ்ப்புலியூர்க்காரர்கள் மேசையைத் துடைத்துக்கூட வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

மாவட்ட அலுவலகத்திலிருந்து நஸ்ரின் என்ற இளம் அதிகாரி வந்து பொறுமையாக விளக்கினார்.

"இதைப் பழைய இரும்புக் கடையில போடக் கூடாது. எரிக்கவும் கூடாது. உள்ளே ஈயம் இருக்கு, மண்ணு கெட்டுப்போயிரும். அனுமதி வாங்கின மறுசுழற்சி நிறுவனத்து லாரி வரும், அதுல ஏத்துங்க. உறுப்பினர்களோட விவரம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. நிறுவனத்துல ஒப்படைக்கிற வரைக்கும் கணினி மேல இருந்து கண்ணை எடுக்காதீங்க."

மூவரும் தலையாட்டினார்கள். நஸ்ரின் நிம்மதியாகக் கிளம்பினார். அவர் ஊருக்குப் புதியவர்.

உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்துவிட்டால் உள்ளே இருக்காது என்பது தெய்வாத்தாளின் கணக்கு. யாருக்கு எத்தனை மாடு, எவ்வளவு கடன் என்று எல்லாவற்றையும் அச்சடித்து எடுத்தார். எடுத்து முடித்துக் கணினியைத் திறந்து பார்த்தால் அத்தனையும் அப்படியே இருந்தது.

"அண்ணா, எடுத்ததெல்லாம் மறுபடி வந்திருக்குதுங்க."

நாச்சிமுத்து வெகுநேரம் திரையைப் பார்த்தார். "ஊறுது," என்றார்.

"ஊறுதுங்களா?"

"நம்ம கிணறு மாதிரிதான். மெதுவா இறைச்சா பின்னாலேயே ஊறத்தான் செய்யும். ரெண்டு மோட்டார் போட்டு இறைக்கோணும்."

இரண்டாவது பிரிண்டர் கீழ்ப்புலியூர் சங்கத்திலிருந்து இரவலாக வந்தது. எதற்கென்று அவர்கள் கேட்டார்கள். இவர்கள் உண்மையைச் சொன்னார்கள். அவர்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

இரண்டு பிரிண்டரும் சேர்ந்து ஓடின. காகிதம் இடுப்பளவுக்கு வந்தது, தீவன மூட்டைச் சாக்குகளில் அமுக்கிக் கட்டினார்கள். கடைசியில் வற்றியது பிரிண்டர் மைதான். தெய்வாத்தாள் நஸ்ரினுக்குப் போன் செய்து, ஊற்று பலமாக இருப்பதாகத் தெரிவித்தார். நஸ்ரின் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நீங்க விட்டுருங்க மேடம். நிறுவனத்துலயே டிஸ்கைக் கழற்றி உங்க முன்னாடி அரைச்சுருவாங்க. அந்தக் காகிதத்தையும் அங்கேயே கொடுத்துருங்க."

அடுத்தது கண்ணை எடுக்காமல் இருப்பது. ஆளுக்கொரு நாற்காலி போட்டுக் கணினிகளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"அண்ணா, நீங்க இமைச்சீங்க," என்றார் குழந்தைவேலு.

"இமைச்சா கண்ணை எடுத்ததா ஆகுமா?"

"அந்த நேரத்துல என்ன தெரிஞ்சுதுங்க?"

நாச்சிமுத்து யோசித்தார். "ஒண்ணும் தெரியலை."

"அப்போ எடுத்ததுதான்."

நாச்சிமுத்துவும் தெய்வாத்தாளும் மாறி மாறி இமைப்பது, இருவரும் ஒன்றாக இமைத்துவிடாமல் குழந்தைவேலு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அவர் இமைப்பதை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தபோது, நல்லவேளையாக லாரி வந்துவிட்டது.

ஏற்றுவதற்கு முன் குழந்தைவேலு கணினிகளையும் சாக்குகளையும் பால் கேன் எடைபோடும் தராசில் வைத்து எடைபோட்டார். சங்கத்திலிருந்து எது வெளியே போனாலும் எடை போடாமல் போகாது. பிறகு சங்கத்தைப் பூட்டி, சாவியை நாச்சிமுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மூவரும் லாரியின் பின்னால் ஏறிக் கணினிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். முன்னால் இடம் இருப்பதாக டிரைவர் சொன்னார். முன்னால் உட்கார்ந்தால் ரோடுதான் தெரியும் என்று மறுத்துவிட்டார்கள்.

நிறுவனத்து வாசலில் எடை மேடை இருந்தது. லாரி அதில் ஏறி நின்றது. மூவரும் அசையவில்லை. பிறகு எல்லாவற்றையும் இறக்கினார்கள், இவர்களும் இறங்கினார்கள், வெறும் லாரியை மறுபடி எடை போட்டார்கள். மேற்பார்வையாளர் இருதயராஜ் கையெழுத்துப் போட்டு ரசீது கொடுத்தார். டிஸ்குகளை இவர்கள் முன்னாலேயே அரைத்தார்கள். தூளிலிருந்து ஏதாவது ஊறுகிறதா என்று குழந்தைவேலு குனிந்து பார்த்தார். ஊறவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

அப்புறம்தான் குழந்தைவேலு ரசீதைப் படித்தார்.

"அண்ணா, எடை கூடுதலா இருக்குதுங்க. மூணு ஆள் எடை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து உடனே நஸ்ரினைக் கூப்பிட்டார். புதுக் கணினிகளை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியில் இருந்த நஸ்ரினுக்குப் பாதிதான் கேட்டது.

"ரசீதுல எழுதின எடை அவ்வளவும் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கோணுங்களா மேடம்?"

"ஆமா சார். ஒரு கிலோ வெளியே போனாலும் புதுசு உங்களுக்குக் கிடையாது."

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டு, அங்கே பிரிப்பதற்காகக் குவித்திருந்த பழைய பிரிண்டர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ரசீது வாங்கியாச்சு. நீங்க கிளம்பலாமுங்க," என்றார் இருதயராஜ்.

"எப்படிங்க கிளம்பறது? எங்களையும் சேர்த்துத்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் நாச்சிமுத்து.

"டீயாவது குடிங்க."

"குடிச்சா எடை கூடிருமுங்க," என்றார் குழந்தைவேலு.

தெய்வாத்தாளுக்குத்தான் கொஞ்சம் அவசரம். "தம்பி, பிரிக்கறதுன்னா என்னை முதல்ல பிரிச்சுருங்க. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

இருதயராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது நாச்சிமுத்துவின் போன் அடித்தது. நஸ்ரின்தான். புதுக் கணினிகளோடு சங்கத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், கதவு பூட்டியிருக்கு. பக்கத்துல கீழ்ப்புலியூர்க்காரங்க வண்டியோட வந்து நிக்கறாங்க. சாவி எங்கே?"

நாச்சிமுத்து இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சாவியும் எடையில சேர்ந்திருக்குதுங்க மேடம்."