அம்மன் கேட்ட கால்

ஆத்தா, உனக்கு வாய் இருக்கிறதா, இல்லையா? வேகாத வெயிலில் ஒருத்தன் உன் வாசலில் வந்து நின்றான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பூவை அனுப்பிவிட்டுக் கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டாய். அவனுக்கு இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

செங்கோடன் மாட்டுத் தரகன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கையை மேல்துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பாதி ஆயுசை அப்படிக் கழித்தவனுக்கு மனசில் உள்ளதை வெளியே விடாமலிருப்பது மூச்சு விடுவது மாதிரி.

அவன் மனைவி பாவாயிக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஏறிய முள் புண்ணாகி, புண் அழுகி, கெண்டைக்கால் வரை வந்துவிட்டது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "முழங்காலுக்கு மேல எடுத்தா உசுரு நிக்கலாம். ஆனா இருதயம் ஆபரேசனைத் தாங்குமான்னு சொல்ல முடியாது. எடுக்காம மருந்துலயே பாக்கலாம். அதுக்கும் உத்தரவாதம் இல்ல. சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்க."

பாவாயியைக் கேட்க வழியில்லை. காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். தப்புவதற்கு முன்னால் புருசன் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள். "ஏனுங்க, எதுன்னாலும் ஆத்தாளக் கேட்டுட்டுச் செய்யுங்க. அவ சொன்னாச் சரி." அப்படியே செய்கிறேன் என்று அவனும் சத்தியம் பண்ணியிருந்தான்.

மகள் சுகந்தி பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. "டாக்டருக்கே தெரியலையாம், பூவுக்குத் தெரியுமாக்கும்? ஆத்தாகிட்டயும் தரகு பேசப் போறீங்களாப்பா?"

"வாய மூடு கண்ணு. உங்கம்மாளுக்கு வாக்குக் குடுத்திருக்கறேன்."

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே சந்தைக் கூட்டாளிகள் இருவரைப் போனில் பிடித்து, ஆபரேசனுக்கு ரத்தம் கொடுக்க வரச் சொன்னான். "தரகன் ரத்தத்த ஏத்தினா, அக்கா எந்திரிச்சதும் டாக்டர்கிட்ட வெல பேசுமே!" என்று ஒருவன் சிரிக்க வைக்கப் பார்த்தான். செங்கோடனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

குளத்துமேட்டு அம்மன் கோயிலில் பூவாக்குக் கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். எது எதிலென்று தெரியாமல் கலைத்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வருகிற நிறம்தான் அவள் வாக்கு.

"எந்தப் பூவுக்கு எதுன்னு வாய்விட்டுச் சொல்லிரு செங்கோடா" என்றார் பூசாரி.

"மனசுக்குள்ள சொல்லிட்டேனுங்க."

வெள்ளை வந்தால் காலை எடுப்பது. சிவப்பு வந்தால் எடுக்கக் கூடாது. இதுதான் அவன் மனசுக்குள் சொன்னது.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

செங்கோடன் அம்மன் முகத்தைப் பார்த்தான். எண்ணெய் ஏறிய கல். கோபம் வந்தது, கூடவே ஓர் அசதியும் வந்தது, அங்கேயே படுத்துவிடலாம் போல.

"நல்ல வாக்குதானே?" என்றார் பூசாரி.

"நல்ல வாக்குங்க" என்றான்.

திரும்பி வந்து மகளிடம், "ஆத்தா எடுக்கச் சொல்லிட்டா. கையெழுத்தப் போடு" என்றான். அவளும் போட்டாள். கால் போனது. பாவாயி பிழைத்தாள்.

அம்மன் வாக்குப் பலித்தது என்று பூசாரி ஊரெல்லாம் சொல்கிறார். "பூ என்ன கையெழுத்தா போட்டுச்சு? போட்டவ நானு" என்கிறாள் சுகந்தி. மருந்திலேயே அந்தக் கால் ஆறியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது, இனித் தெரியப் போவதும் இல்லை.

பாவாயி அழவில்லை. அதுதான் செங்கோடனை அறுக்கிறது. விடிந்ததும் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிறாள். பார்க்க வருகிறவர்களிடம் சிரித்த முகமாகச் சொல்கிறாள்: "ஆத்தா கேட்டா, குடுத்துட்டேன். மனுசன் கேட்டிருந்தாக் குடுத்திருப்பனா?"

சொன்னால் அவள் நிம்மதி போகும். சொல்லாவிட்டால், அந்தச் சிரிப்புக்கு முன்னால் தினமும் உட்கார்ந்து அவன் சோறு தின்ன வேண்டும்.

இப்போது சொல்லுங்கள்: காலை எடுக்க முடிவு செய்தது யார்? செங்கோடன் அதைப் பாவாயியிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

விடை: முடிவு செய்தது செங்கோடன். அதுவும் சிவப்பைப் பார்த்த பிறகு அல்ல. ரத்தத்துக்கு ஆள் சொன்னபோதே முடிவு பண்ணிவிட்டான், தனக்கே தெரியாமல். வெள்ளை வந்திருந்தாலும் அந்த முடிவு அவனுடையதுதான். சாமியைக் கேட்பதென்று தீர்மானிக்கிறவனும் மனுசன், வந்த பதிலுக்குத் தலையாட்டுவதா என்று தீர்மானிக்கிறவனும் மனுசன். அந்தச் சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி கிடையாது. அவள் உயிருக்காக அவன் துணிந்தது தப்பில்லை. துணிந்ததை இன்னொருத்தர் தலையில் கட்டினானே, அதுதான் தப்பு. கால் அவளுடையது. எடுத்தது யாரென்று தெரிந்துகொள்ளும் பாத்தியதையும் அவளுடையது. அவன் சொல்லத்தான் வேண்டும்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். தினமும் அவளிடம் வாங்குகிறாயே கும்பிடு, அது உன்னுடையது இல்லை. அவனுக்கு விழ வேண்டிய வசவு அது. அவனிடமே சேர்த்துவிடு. எல்லாம் தெரிந்த பிறகும் அவள் விளக்கேற்றினால் அதை நீ எடுத்துக்கொள், நான் கேட்க மாட்டேன். உன் வாயைத் திறக்காவிட்டால் போகிறது. அவன் வாயையாவது திற.