பதில் வராத எண்கள்

"பட்டியல் முடிஞ்சுதுங்க மேடம். இதுக்கு மேல எண்ணறதுக்கு இந்த ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லை."

அர்த்தநாரி தாளைக் குருவின் மேசைமேல் வைத்தான். வைத்தான் என்பதைவிடப் போட்டான் என்பதே சரி.

குருவின் பெயர் ரஹ்மத்நிஷா. வயது இருபத்தொன்பது. சீடனுக்கு நாற்பத்தேழு. தாடியும் சீடனுக்குத்தான் இருந்தது. மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டிக் காப்பவள் அவள். அவன் பதினெட்டு வருடம் அங்கேயே நோயாளிகளின் பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளிடம் வேலை கற்க வந்தவன்.

போன மாதம் யாரோ வெளியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து நெட்வொர்க்கில் சொருகிவிட்டார்கள். அதன் வழியே வைரஸ் புகுந்தது. இரத்தப் பரிசோதனை முடிவுகள் இரண்டு நாள் முடங்கிப் போயின. நிர்வாகம் பதறிப்போய் ஒரு உத்தரவு போட்டது. நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் பட்டியலில் ஏற வேண்டும். பட்டியலில் இல்லாததன் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

அறை அறையாகப் போய் எழுதினால் ஒரு மாதம் ஆகும். அர்த்தநாரி அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினான், கம்ப்யூட்டர் தானாகவே செய்வதற்கான கட்டளைகள். பத்தொன்பதே வரிகள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு; அந்த எண்களை அது வரிசையாகக் கூப்பிடும். பதில் வந்தால் எழுதிக்கொள்ளும். வராவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடும்.

அவன் சொந்தமாக எழுதிய முதல் ஸ்கிரிப்ட் அது. வீட்டில் மனைவிக்குப் படித்தே காட்டியிருந்தான். பாவம், அவளும் கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

ரஹ்மத்நிஷா தாளைப் பார்த்தாள்.

"எத்தனைங்கண்ணா?"

"இருநூத்தி எம்பத்தாறுங்க."

"ஒவ்வொண்ணையும் கூப்பிட்டுட்டு எவ்வளவு நேரம் நிக்குது?"

"ஒரு செகண்டுங்க."

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அர்த்தநாரி தன் இடத்துக்குப் போய் ஒரு செகண்டை மூன்று ஆக்கினான். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தரம் கூப்பிடச் சொன்னான். மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக ஓட்டினான். முந்நூற்று ஒன்று வந்தது.

"எப்ப ஓட்டுனீங்க?" என்றாள் ரஹ்மத்நிஷா.

"காலையில ஆறு மணிக்குங்க. அந்நேரம் கூட்டம் இருக்காது, வெரசா ஓடும்னு வூட்டுல இருந்தே ஓட்டிட்டனுங்க."

"ஆறு மணிக்கு நம்ம ரூம்ல யார் இருப்பாங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். ஆறு மணிக்கு அந்த அறையில் ஈ காக்கை இருக்காது. அவனுடைய கம்ப்யூட்டரே அணைந்துதான் கிடந்திருக்கும். சொந்தப் பெட்டியே பட்டியலில் இல்லை என்று அப்போதுதான் கவனித்தான்.

பதினோரு மணிக்கு மறுபடி ஓட்டினான். முந்நூற்று முப்பத்தெட்டு. மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்து, மூன்று மணிக்குக் குருவின் முன்னால் போய் நின்றான்.

"இனிமே ஒண்ணும் சொல்லமாட்டீங்கன்னு நினைக்கிறேனுங்க."

"பதில் வராத எண்ணெல்லாம் எங்க?"

"அதை எதுக்குங்க வெச்சுக்கறது? அதுக்குன்னே லினக்ஸ்ல ஒரு குப்பைத்தொட்டி இருக்குதுங்களே. எத்தனை கொட்டினாலும் ரொம்பாது. நேரா அதுல தள்ளிட்டனுங்க." பரீட்சையில் கேள்வி தெரிந்த பையன் போலப் பெருமையாகவே சொன்னான்.

ரஹ்மத்நிஷா எழுந்தாள். பக்கத்து அறைக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். ஆஸ்பத்திரியின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி அங்கே இருந்தது. வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள்.

ஒரு விளக்கின் அடியில் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

அவன் தாளைப் புரட்டினான். "லிஸ்ட்ல இல்லைங்க."

"மின்னுதே."

"ஏதாச்சும் பழைய பொட்டியா இருக்கும்ங்க. மூணு தரம் கூப்பிட்டாச்சு. ஆள் இருந்தா 'ஊம்'னாவது சொல்லோணுமல்ல?"

அவள் கேபிளில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் படித்தாள்.

"சி பிளாக், மூணாவது மாடி, பதினேழு. போய்ப் பாத்துட்டு வாங்கண்ணா."

"லேப்டாப் எடுத்துக்கட்டுங்களா?"

"வேண்டாம். நடந்து போங்க."

அர்த்தநாரிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம் என்றே அவன் நினைத்தான். நிர்வாகத்திலிருந்து காலையிலிருந்து இரண்டு தரம் போன் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வேலை முடிய வேண்டும். இந்தப் பெண்ணுக்கோ அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது.

தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அவனிடம் இன்னொரு ஸ்கிரிப்ட் இருந்தது. பட்டியலில் இல்லாத இணைப்புகளை எல்லாம் ஒரே மூச்சில் மூடிவிடும். தான் பார்த்த பிறகுதான் அதை ஓட்ட வேண்டும் என்று ரஹ்மத்நிஷா சொல்லியிருந்தாள்.

பட்டியலை அவள் பார்த்தாயிற்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பார்த்தாள் என்பது உண்மைதான்.

நாலு மணிக்குத் தானாக ஓடும்படி அதை வைத்துவிட்டுக் கிளம்பினான். போய்த் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். அப்புறம் அவள் எதைக் கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

சி பிளாக்கின் லிஃப்ட் வாசலில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் காத்திருந்தன. அவன் படியேறினான். மூன்றாவது மாடி வருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

நீளமான வார்டு. பன்னிரண்டு கட்டில்கள். எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் ஒரு சத்தமில்லை. ஆஸ்பத்திரி வார்டு என்றால் யாராவது முனகுவார்கள், யாராவது போனில் கத்துவார்கள். இங்கே மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

பதினேழு என்று எழுதிய இணைப்பு ஜன்னலோரக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் முனையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர் போர்வைக்குள் போய் மறைந்திருந்தது.

கட்டிலில் ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கண்கள் திறந்திருந்தன.

"ஐயா, இது உங்களுதுங்களா?"

பெரியவர் அவனைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டி எதுக்குன்னு தெரியுங்களா?"

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, உங்க பேரென்னங்க?"

ஒன்றுமில்லை. காது மந்தம் போலிருக்கிறது, அல்லது ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று அர்த்தநாரி நினைத்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்தான். சீட்டில் பதினேழு என்று எழுதி, பக்கத்தில் 'பதில் இல்லை' என்று எழுதினான். திரும்பி நடந்தான்.

பின்னால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

வார்டின் கோடியில் மணி அடித்தது. ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். நடந்து அல்ல, ஓடி. அவனை இடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

"என்னங்கய்யா? மூச்சு அடைக்குதா?"

பெரியவர் இல்லை என்று தலையசைத்தார். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். அதில் ஒயரின் முனையில் ஒரு பொத்தான் இருந்தது. அதை வைத்துவிட்டு அர்த்தநாரியைக் காட்டினார். கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து மேலும் கீழும் அசைத்தார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், உங்களுக்குத் தண்ணி குடுக்கச் சொல்றாரு. மாடியேறி வந்தீங்களாம். மூச்சு வாங்குதாம்."

அர்த்தநாரி திரும்பிக் கட்டிலருகே வந்தான்.

"இவருக்குப் பேச்சு..."

"குரல்வளையை எடுத்தாச்சுங்க சார். மாரப்பன் ஐயா இருபத்தெட்டு வருசம் பஸ் கண்டக்டர். கோபி ஸ்டாண்டுல இவர் கத்துனா சத்தி வரைக்கும் கேக்குமாம், அவங்க சம்சாரம் சொல்லுவாங்க." அவள் தண்ணீரை டம்ளரில் ஊற்றினாள். "இந்த வார்டே தொண்டை ஆபரேஷன் வார்டுதான். பன்னெண்டு பேருக்கும் குரல் கிடையாது. இந்தப் பட்டனை அமுக்குனாத்தான் எங்களுக்குத் தெரியும். முந்தாநேத்து நாலாவது பெட்டுல ஒருத்தருக்குக் கழுத்துக் குழாய்ல சளி அடைச்சிருச்சு. அமுக்கினாரு, ஓடினோம். இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தா அவ்வளவுதான்."

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. வார்டைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைப் பெட்டி, பொத்தானை அமுக்கினால் மட்டும் பேசுவது, கூப்பிட்டால் பதில் சொல்லாதது. பன்னிரண்டு பச்சை விளக்குகள். அதில் ஒன்றுகூட அவன் தாளில் இல்லை. அத்தனையும் அவன் கையாலேயே குப்பைத்தொட்டிக்குப் போனவை.

பெரியவர், குடி குடி என்று கையைக் காட்டினார்.

அர்த்தநாரிக்கு அழுகை வரும்போல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அப்போதுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. நாலாக நாலு நிமிடம்.

டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனை எடுத்தான். முதல் மணியிலேயே ரஹ்மத்நிஷா எடுத்தாள்.

"மேடம், நாலு மணிக்கு ஒரு வேலை ஓடுமுங்க. இணைப்பை மூடற ஸ்கிரிப்டு. உங்ககிட்டக் கேக்காம நானே வெச்சுட்டனுங்க. தப்பு என்னுதுதானுங்க, அப்புறமா என்னை என்ன வேணா சொல்லுங்க. இங்க பன்னெண்டு பேர் இருக்காங்க. யாருக்கும் குரல் இல்லைங்க. அதை நிறுத்திருங்க மேடம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"மேடம்?"

பதில் இல்லை.

"கேக்குதுங்களா மேடம்?"

ஒன்றுமில்லை. கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அர்த்தநாரி வெள்ளைப் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்தான். நர்ஸுக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் அந்த விளக்கைப் பார்த்தாள். பெரியவரும் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தார்.

பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. தாண்டியது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த கட்டிலிலும் எரிந்தது. அதற்கடுத்த கட்டிலிலும் எரிந்தது. நாலு மணி ஆகி இரண்டு நிமிடம் வரைக்கும் அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றான். போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் இன்னும் அமைதிதான்.

"லைன் கட்டாயிருச்சா சார்?" என்றாள் நர்ஸ். "பதில் வரலைன்னா வெச்சிருங்க."

அர்த்தநாரி இல்லை என்று தலையை ஆட்டினான்.

"இருக்காங்க சிஸ்டர்."