முதலில் வந்த கோட்டு

தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனி. அங்கே மேனேஜர் குணாளன் என்றால் கோட்டு, கோட்டு என்றால் குணாளன். அங்கே இண்டர்வியூவுக்குப் போன இசக்கிராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மாமனார் கடையில்தான் கைகட்டி நிற்க வேண்டும்.

"மேனேஜர் வந்துட்டாரா அண்ணாச்சி?" என்று பியூனைக் கேட்டான்.

"வந்துட்டாரே! சேர்ல கோட்டு தொங்குதுல்லா?"

எழுந்தான், நடந்தான், திரும்பவும் கேட்டான். அதே பதில்தான். போனில் கேட்டவர்களுக்கும், "சார் சீட்லதான் இருக்கார்." அந்தக் கோட்டு முந்தின நாள் சாயங்காலமே தொங்கவிட்டது!

மத்தியானம் முதலாளியம்மாவின் கார் வந்தது. குணாளன் பின்வாசல் வழியாக ஓடிவந்து கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளியம்மாவும் பக்கத்தில் உட்கார, இசக்கிராஜாவைக் கூப்பிட்டார்கள்.

குணாளன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் சட்டையோட வந்திருக்கியே, ஆள் பாதி ஆடை பாதின்னு தெரியாதா? பத்து நிமிஷத்துல கோட்டோட வா. இல்லேன்னா நடையைக் கட்டு!"

"தப்புதான் சார். இந்த ஆபீஸ் வழக்கம் தெரியாமப் போச்சு. இங்க கோட்டுதான் முதல்ல வரணும், ஆள் மத்தியானம் வந்தாப் போதும். நான் அவசரப்பட்டு, காலையிலேயே ஆளா வந்துட்டேன்."

பியூன் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியம்மா காலியாகக் கிடந்த மேஜையைப் பார்த்தார், குணாளனின் வியர்வையைப் பார்த்தார்.

"தம்பி, நாளைக்கே வேலைக்கு வாங்க. இந்தச் சட்டை போதும். குணாளன், நாளையிலேர்ந்து கோட்டு வீட்டுல இருக்கட்டும், நீங்க வாங்க."