மண்ணாங்கட்டிக்கு அர்த்தம்

சீடரின் பெயர் மண்ணாங்கட்டி.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வடமொழியும் கற்றவர். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரை எம்.கே. சார் என்றுதான் கூப்பிட்டார்கள். எம்.கே. என்றால் என்ன என்று கேட்கிற மாணவனை அவர் கரும்பலகை துடைக்க அனுப்பிவிடுவார். மனைவி இறந்து, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் குரு ஒரு பெண். சீடரைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் சட்டென்று சிரித்துவிடுவார்.

மடத்தில் இருந்தவர்கள் சீடரைப் புலவர் என்றார்கள். குரு மட்டும் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து "மண்ணாங்கட்டி, கொஞ்சம் வாங்க" என்று குரல் வரும்போதெல்லாம் சீடருக்குக் காது சூடாகும்.

அங்கே வருகிறவர்கள் கைக்குழந்தையைக் கொண்டுவந்து பெயர் வைக்கச் சொல்வது வழக்கம். குரு அந்த வேலையைச் சீடரிடம் விட்டிருந்தார். சீடருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அபராஜிதா என்றால் யாராலும் வெல்லப்படாதவள் என்பார். அனிருத்தன் என்றால் தடுக்க முடியாதவன் என்பார். பெயரின் வேர்ச்சொல் என்ன, அது எப்படித் திரிந்தது என்பதையும் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தை தூங்கிவிடும்.

ஒரு முறை விழுப்புரத்திலிருந்து வந்த தகப்பன் ஒருவன், "அர்த்தம் இல்லாட்டியும் பரவாயில்ல சார், பேர்ல ஒரு 'ஷ்' வரணும்" என்றான். அன்று முழுவதும் சீடர் சரியாகச் சாப்பிடவில்லை.

தை மாதம் அவருக்குத் தீட்சை கொடுப்பதாகக் குரு சொல்லியிருந்தார். தீட்சை பெறுகிறவருக்குப் புதுப்பெயர் உண்டு. அதை நினைத்து நினைத்து அவர் மகிழ்ந்துகொண்டிருந்தார்.

ஒரு காலையில் குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடர் எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"பேருக்கு அர்த்தம் முக்கியமா, இல்லையா?"

"முக்கியந்தான்."

"அப்படின்னா, எனக்கு வைக்கப்போற பேரை நானே யோசிச்சுச் சொல்லலாமா?"

"யோசிச்சிட்டீங்க போலிருக்கே."

"சிதானந்தர்னு ஒண்ணு. நிர்மலானந்தர்னு ஒண்ணு. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

"இப்ப இருக்கிற பேருக்கு என்ன குறை?"

"அதுக்கு அர்த்தமாவது மண்ணாங்கட்டியாவது" என்று சொல்லிவிட்டு, சீடர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குரு சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த முறம் சரிந்து கீரை கொட்டிவிட்டது. சீடரும் சிரித்தபடியே அள்ளிப் போட்டார்.

"யார் வச்சது?"

"எங்கம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவங்க."

"பார்க்கலாம்" என்றார் குரு.

கீரை ஆய்ந்து முடிவதற்குள் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஒரு இளைஞனும் அவன் மனைவியும் இறங்கினார்கள். அவன் பெயர் ஏழுமலை. அவள் சுகந்தி. அவள் இடுப்பில் ஒரு ஆண் குழந்தை, கொழுகொழுவென்று, எதிர்ப்பட்டதையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு இருந்தது.

சீடர் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"பையனுக்குப் பேர் வைக்கணும் சார்" என்றான் ஏழுமலை.

"எத்தனை மாசம்?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா பேர் இல்லாமலா?"

ஏழுமலை மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல எப்படிக் கூப்பிடுறீங்க?"

"நான் தம்பின்னு சொல்லுவேன். இவ 'இந்தா'ன்னு சொல்லுவா. 'இந்தா, இங்க வா', 'இந்தா, அழாத'. அவ்வளவுதான். வேற எதுவும் சொல்லமாட்டா. மத்தவங்களையும் சொல்ல விடமாட்டா."

சீடர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய வேலை.

"அக்ஷயன்னு வைக்கலாம். தேய்வே இல்லாதவன்."

சுகந்தி தலையாட்டி மறுத்தாள்.

"நித்யன்? என்றும் இருப்பவன்."

அவள் முகத்தை இன்னும் திருப்பிக்கொண்டாள். ஏழுமலை குனிந்துகொண்டான்.

"சரி, இதைவிட உயர்ந்தது இல்ல. மிருத்யுஞ்ஜயன். மரணத்தையே ஜெயிச்சவன்."

சுகந்தி முதல்முறையாக அவரைப் பார்த்தாள்.

"மூத்த பையனுக்கு ஆயுஷ்னு வச்சோம் சார். அதுக்கு என்ன அர்த்தம்?"

"நீண்ட ஆயுள்."

"அடுத்தது பொண்ணு. நித்யான்னு வச்சோம். அர்த்தம் நீங்களே இப்ப சொல்லிட்டீங்க."

"குழந்தைங்க..."

"ரெண்டுமே தங்கல. தொட்டில்ல போட்டு, எல்லாரும் வந்து பேரைச் சொல்லி, நானும் வாய் ஓயாம பேரைச் சொல்லிச் சொல்லிக் கொஞ்சினேன். இவனுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கான்னு டாக்டர் சொல்றாரு. இருந்தாலும் பேர்னு ஒண்ணு சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரல."

குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். கொஞ்சவில்லை.

சீடருக்கு ஆயிரம் பெயர்கள் தெரியும். அவற்றில் ஒன்றும் இவளுக்கு ஆகாது. எழுந்து உள்ளே போனார்.

"அம்மா, இந்தப் பிள்ளைக்கு என்ன பேர் சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்று நடந்ததைச் சொன்னார்.

குரு முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். குழந்தை தாவி வந்தது. வந்ததும் குருவின் மூக்கைப் பிடித்தது.

மூக்கு பிடிபட்ட குரலிலேயே குரு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"மண்ணாங்கட்டி, ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டாங்க."

குரு யாரைக் கூப்பிடுகிறார் என்று சுகந்தி பார்த்தாள். வேலைக்காரப் பையன் யாராவது வருவான் என்று நினைத்தாள். வழுக்கைத் தலையும் விபூதியுமாகப் புலவர் டம்ளரை ஏந்திக்கொண்டு வந்தார். அவள் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஏழுமலை திகைத்துப்போனான். அவள் சிரித்து அவன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள்.

"பரவாயில்லம்மா. பழகின விஷயந்தான்."

"நெஜமாவே அதான் உங்க பேரா?"

"பள்ளிக்கூடச் சான்றிதழ்லயும் அதான்."

"ஏன் சார் அப்படி வச்சாங்க?"

சீடர் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "எனக்கு முன்னாடி பிறந்தவங்க யாரும் தங்கல. மட்டமான ஒரு பேரை வச்சா, இது யாருக்கும் வேண்டாத பிள்ளைன்னு எமன் விட்டுட்டுப் போயிடுவான்னு அந்தக் காலத்தில ஒரு நம்பிக்கை. மூட நம்பிக்கை."

சுகந்தியின் சிரிப்பு நின்றது.

"முன்னாடி எத்தனை பேர் சார்?"

"மூணு பேர்."

"நீங்க நாலாவதா?"

"ஆமா."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வழுக்கை, மூக்குக் கண்ணாடி, தொப்பை, வெடித்த குதிகால் எல்லாவற்றையும் பார்த்தாள். அப்படி ஒருவரும் தன்னைப் பார்த்ததாகச் சீடருக்கு நினைவில்லை.

"உங்களுக்கு இப்ப வயசு?"

"அறுபத்தி நாலு."

"அறுபத்தி நாலு" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "உங்கம்மா எதுவரைக்கும் இருந்தாங்க?"

"எனக்குப் பேத்தி பிறக்கிற வரைக்கும் இருந்தாங்க. பாத்துட்டுத்தான் போனாங்க."

"எப்படி சார் கூப்பிடுவாங்க?"

சீடர் குருவைப் பார்த்தார்.

"கூப்பிட்டுக் காட்டுங்களேன்" என்றார் குரு.

"இங்கயா?"

"இங்கதான்."

சீடர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அம்மா தெருமுனையில் நின்று கூப்பிடுவாள். ஏரிக்கரையில் விளையாடுகிறவனுக்குக் கேட்கவேண்டும் என்று கையை வாய்ப்பக்கம் குவித்துக்கொள்வாள். சீடரும் கையைக் குவித்துக்கொண்டார்.

"மண்ணாங்கட்டீ... டேய், என் மண்ணு... சோறு ஆறுதுடா, வாடா..."

கூப்பிட்டு முடிக்கும்போது அவர் குரல் வேறாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குழந்தை குருவின் மூக்கை விட்டுவிட்டு அவரையே பார்த்தது. பிறகு ஈறு தெரியச் சிரித்தது.

"இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்றாள் சுகந்தி.

அவர் சொன்னார். குழந்தை மறுபடியும் சிரித்தது.

சுகந்தி குருவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இவனுக்கு அந்தப் பேரையே வைங்க சார்."

"சுகந்தி, என்ன சொல்ற?" என்றான் ஏழுமலை. "நாளைக்குப் பள்ளிக்கூடத்தில சிரிக்கமாட்டாங்களா?"

அவள் சீடரைக் கேட்டாள். "சிரிப்பாங்களா சார்?"

"நல்லாவே சிரிப்பாங்க."

"அப்புறம்?"

சீடர் யோசித்தார். "அப்புறம் ஒண்ணுமில்ல. மணி அடிச்சதும் வீட்டுக்கு வந்துடுவான்."

"அது போதும் எனக்கு" என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துக்கு வேணும்னா சார் சொன்ன அந்த நீளமான பேரை எழுதிக்கட்டும். வீட்ல நான் இதைத்தான் கூப்பிடுவேன்."

ஏழுமலை குருவைப் பார்த்தான். குரு டம்ளரிலிருந்த வெந்நீரைக் கரண்டியில் எடுத்து ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வைங்க சார்" என்றான் ஏழுமலை.

சம்மணமிட்டு உட்கார்ந்த சீடரின் மடியில் குழந்தையைக் கிடத்தினார்கள். அது அவருடைய கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. அவர் அதன் காதருகே குனிந்து மூன்று முறை பெயரைச் சொன்னார். அர்த்தம் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

சுகந்தி குழந்தையை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றாள்.

"டேய்... மண்ணு."

குழந்தை அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பிறகு நிறுத்தவே இல்லை.

சோறும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். ஆட்டோ ஆற்றுப்பாலம் ஏறும்வரை அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "மண்ணு, அந்தக் கொக்கைப் பாரு. மண்ணு, ஆறு பாரு. டேய், கம்பியைக் கடிக்காதடா மண்ணாங்கட்டி."

சீடர் வாசலிலேயே நின்றிருந்தார். குரு பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன யோசனை?"

"அகராதியில அந்தச் சொல்லுக்குக் காய்ஞ்ச மண் உருண்டைன்னுதான் போட்டிருக்கும்மா. ஒண்ணுக்கும் உதவாததுன்னு இன்னொரு பொருளும் போட்டிருக்கு. நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"பிள்ளை காதுல என்ன சொன்னீங்க?"

"அந்தப் பேரைத்தான் சொன்னேன்."

"சொல்றப்ப மனசுல என்ன நினைச்சீங்க?"

ஆட்டோ பாலத்தைத் தாண்டி மறைந்தது.

"போயிடாதடா, இங்கேயே இருந்துடுன்னு நினைச்சேன்."

குரு உள்ளே போகத் திரும்பினார்.

"அப்போ அகராதியைத் திருத்துங்க, மண்ணாங்கட்டி."