கால் படாத ரொட்டி அடுப்பு

முன்னொரு காலத்தில், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், ஓர் அரசருக்கு ரொட்டி மேல் ஆசை வந்தது. கப்பலில் வந்த வணிகன் ஒரு துண்டைக் கொடுத்து, "விறகு அடுப்புக்குள் வைத்துச் சுட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று முதல் அரசருக்குச் சோறு இறங்கவில்லை. "அரண்மனைக் கொல்லையில் ஒரு ரொட்டி அடுப்பு எழும்பட்டும்!" என்றார். எதைக் கொண்டு என்று சொல்லவில்லை.

அமைச்சர் பெருநம்பி பளிங்கில் கட்டினார். பளிங்கு நெருப்பில் வெந்து சுண்ணாம்பாகி, ரொட்டி முழுக்க அப்பிக்கொண்டது. அரசர் வெற்றிலை பாக்கு வரவழைத்து, அதோடு சேர்த்து ஒருவாறு மென்று முடித்தார்.

அடுத்து ஆற்றுக் கூழாங்கல்லில் கட்டினார். கல்லுக்குள் இருந்த ஈரம் சூடேறி அடுப்பு வெடித்தது. ஒரு ரொட்டி எல்லை தாண்டிப் பறந்து, பக்கத்து நாட்டு ராஜாவின் உப்பரிகையில் விழுந்தது. அவர் உடனே படை திரட்டினார். கடித்துப் பார்த்ததும் படையைக் கலைத்துவிட்டு, இன்னொன்று கேட்டுத் தூது அனுப்பினார்.

அவை விகடன் கூத்தபிரானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்கிறாயே, நீ எதனால் கட்டுவாய்?" என்றார் அரசர்.

"மண்ணால், பிரபு. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெடிக்கவும் வெடிக்காது."

பெருநம்பிக்கு விகடன் மேல் வெகுநாள் பொறாமை. சும்மா இருப்பாரா? "ஊரார் மிதித்த மண்ணிலா மன்னர் பெருமானின் ரொட்டி வேகுவது?" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

அரசருக்கும் கூசிவிட்டது. "மனிதர் கால் படாத மண்ணால் கட்டு. வெட்டுவது முதல் பூசுவது வரை ஒரு கால் படக் கூடாது. பட்டால், அந்த அடுப்பில் முதலில் வேகப்போவது நீதான்."

பெருநம்பி அன்றே கூத்தபிரானின் இடுப்பை அளந்து, அடுப்பு வாய் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

கூத்தபிரான் இரண்டு வண்டி மண்ணோடு வந்தான்.

"புற்று மண், பிரபு! பால் ஊற்றுவார்கள், மஞ்சள் தூவுவார்கள், சுற்றி வந்து கும்பிடுவார்கள். ஏறி மிதிப்பவர் உண்டா?"

"உள்ளே இருந்த நாகம்?"

"வேறு புற்றுக்குக் குடிபோய்விட்டது, பிரபு. அந்தப் பக்கம் காற்றோட்டமாம்."

பெருநம்பி முன்னால் வந்தார். "இருக்கட்டும். உமி கலந்து மிதித்துக் குழைக்காவிட்டால் மண் காயும்போது விரிசல் விடும். இத்தனை மண்ணைக் கையால் பிசைந்தால் மழைக்காலமே வந்துவிடும். எந்தக் காலால் மிதிக்கப் போகிறாய், அப்பனே?"

"மிதிப்பதா? அபசாரம்!" என்றான் கூத்தபிரான். "வேண்டியது பாரம்தானே, பிரபு? வேளாவேளைக்கு நெய்ச்சோறு உண்டு, பாரமாக உட்கார்ந்தே பழகியவர்களைத் தங்கள் அவையைவிட்டு வேறெங்கே தேடுவேன்? கொஞ்ச நேரம் கடன் தாருங்கள்."

அரசருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை. தலையசைத்துவிட்டார்.

உமியும் தண்ணீரும் விட்ட சேற்றில் அமைச்சர் பெருமக்களும் தளபதியும் வரிசையாக உட்கார்த்தப்பட்டார்கள். கால்கள் வானத்தைப் பார்த்தன.

"இடப்பக்கம் சாயுங்கள்! இப்போது வலப்பக்கம்! அமைச்சரே, பாதத்தை இறக்கினால் ராஜ கட்டளை மீறியதாகும்!"

"மூச்சு முட்டுகிறதடா பாவி!"

"முட்டட்டும் ஐயா, மண் நன்றாகக் குழைகிறது."

பெருநம்பி உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று சுழன்றார். தளபதி சறுக்கிக்கொண்டே போய் மல்லிகைப் பந்தலில் முட்டினார். மண் வெண்ணெயாகிவிட்டது. கூத்தபிரான் கையாலேயே எடுத்துக் கவிழ்த்த பானைபோல் அடுப்பை எழுப்பினான். சித்திரை வெயில் அதைக் காயவைத்தது.

முதல் ரொட்டி பொன்னிறமாக வந்தது. அவை கூடியிருக்க, அரசர் பிய்த்து வாயில் போட்டார், கண்ணை மூடினார்.

"பெருநம்பி, உம்மிடம் இப்படியொரு திறமை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!" என்றார். சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழுந்தது. தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கூத்தபிரானுக்குப் போர்த்தி, "இனி தினமும் முதல் ரொட்டி எனக்கு, இரண்டாவது உனக்கு!" என்றார்.

பக்கத்தில் இருந்த அரசியார், "அந்தப்புரத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும்" என்றார்.

அவையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள்.